தோட்டத்து வீட்டுத் தாழ்வாரத்துக்கு வெளிப்புற டிவி: ஒரு நிகழ்வு ஆய்வு

பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய அப்பா எண்பதைக் கடந்தவர். வீட்டுக்குள் ஏசி அறை இருந்தும், பெரியவர் காலையில் எழுந்தால் இரவு படுக்கிறவரை பின்தாழ்வாரத்துக் கயிற்றுக் கட்டிலிலேயே இருப்பார். சாப்பாடு, பேப்பர், ஒறம்பரை வந்தால் பேச்சு எல்லாமே அங்கேதான். மாலையானால் குடும்பமே அவரைச் சுற்றி வந்து உட்காரும். டிவி மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. செய்தி பார்க்கவோ ஐபிஎல் பார்க்கவோ அவர் எழுந்து உள்ளே போக வேண்டும். முழங்கால் வலியால் அதையும் விட்டுவிட்டார். "அப்பா உள்ள வரமாட்டீங்கறாரு, அப்ப டிவிதானுங்க வெளிய வரோணும்" என்று வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். வேலை அப்படித்தான் தொடங்கியது.

அவர்கள் கையில் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது. டெக்சாஸில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பின்கட்டில் வெளிப்புற டிவி ஒன்று இருக்கிறது. வெயிலிலும் பளிச்சென்று தெரிகிறது. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. அதே மாதிரி 2000 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளிச்சமுள்ள ஒன்றை வாங்கி, தாழ்வாரத்தில் வீட்டுச் சுவரின் நடுவில் மாட்டிவிடலாம் என்பது திட்டம். என்னிடம் கேட்டது எந்தக் கம்பெனி என்பது மட்டுமே. நான் கம்பெனிக்குப் போகவில்லை. வெளிப்புற டிவியைப் பொறுத்தவரை பெட்டியைத் தேர்வு செய்வதற்கு முன்னால் சுவரைத் தேர்வு செய்ய வேண்டும். சுவர் சரியாக அமைந்தால் பெட்டியின் மேல் விழும் பாரம் பாதியாகக் குறையும். இந்த வீட்டில் அது எப்படி நடந்தது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

தாழ்வாரமும் காற்றும்

வீடு கிழக்குப் பார்த்தது. அதன் முதுகில், மேற்குப் பக்கமாக இந்தத் தாழ்வாரம். வடக்கு தெற்காக 32 அடி நீளம், 14 அடி அகலம். கூரை கலர் ஷீட்; வீட்டுச் சுவரோரம் 12 அடி உயரத்தில் தொடங்கி மேற்கு விளிம்பில் 9 அடிக்கு இறங்குகிறது. கிழக்கே வீட்டுச் சுவர். வடக்கே தேங்காய் போட்டு வைக்கும் அறையின் சுவர். மேற்கும் தெற்கும் திறப்பு. தெற்கே கொஞ்சம் தள்ளி மாட்டுக் கட்டுத்தரை, அதற்கு நிழலாக ஒரு பெரிய வேம்பு.

இந்தப் பக்கத்து மழையை மேலிருந்து விழும் மழையாக மட்டும் நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது கிலோமீட்டர் வாக்கில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறது இந்த ஊர்ப்பக்கம். ஆனி பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியாகப் புகுந்து ஆவணிவரை நிற்காமல் அடிக்கும். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் இங்கே மழை அளவு பெரிதாக இராது. ஆனால் சாரல் படுக்கை வாட்டில் வரும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை கனமானது. அது வரும் திசை வேறு.

கூரை இருக்கிறதா என்பதைவிட, எந்தத் திசையில் சுவர் இல்லை என்பதுதான் முக்கியம். அதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் வேண்டாம், சுவரே சொல்லும். வீட்டுச் சுவரில், தரையிலிருந்து நாலடி உயரம்வரை பெயின்ட் வெளிறி, மண் தெறித்த கறை இருந்தது. மேற்கு விளிம்புத் தூண்களின் அடித்தகடுகளில் துரு. வடக்குச் சுவரிலோ மேற்கு ஓரத்தில் ஓரிரண்டு அடிக்கு மட்டும் கறை, மீதியெல்லாம் சுத்தம். பெரியவரிடம் கேட்டேன்.

"ஏனுங் தம்பி, இத்தன வருசமா இந்தக் கட்டல்லதான படுத்திருக்கறன். ஆடிச் சாரல் அடிச்சா இந்தச் செவுரு நனையும். அந்த வடக்காலச் செவுரு எந்தக் காலத்துலயுமே நனஞ்சதில்லீங்க. ஐப்பசி மழையில கூட அந்த மூலையிலதான் கட்டலப் போட்டுக்குவன்."

இதைவிட நல்ல தகவல் எந்த வானிலைப் பதிவிலும் கிடைக்காது. மேற்குக் காற்று வடக்குச் சுவரை உரசிக்கொண்டு போகும், நேராக மோதாது. வடகிழக்கு மழையை வீடும் அந்த அறையுமே மறைத்துவிடும். அவர்கள் நினைத்திருந்த வீட்டுச் சுவர் மேற்குச் சாரலுக்கு நேர் எதிரில் நிற்கிறது.

வெயில் எங்கே விழும்

மழையைப் போலவே வெயிலையும் திசை பார்த்துத்தான் அளக்க வேண்டும். உச்சிவெயில் தாழ்வாரத்துக்கு ஒரு பிரச்சினையே இல்லை. சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும் மார்கழியில்கூட நண்பகலில் அது இந்த ஊரில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். தெற்குத் திறப்பிலிருந்து எட்டடி தூரத்துக்கு மேல் வெயில் உள்ளே வராது. சாயங்கால வெயில்தான் கெடுக்கும். மார்கழியில் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 13 டிகிரியில் இருக்கும். 9 அடி உயரமுள்ள மேற்கு விளிம்புக்குக் கீழாக நுழைந்து, 14 அடி அகலத்தையும் கடந்து, வீட்டுச் சுவரில் ஐந்தடிக்கு மேல் ஏறும். டிவியின் நடுப்பகுதி வரும் உயரம் அதுவே. வீட்டுச் சுவரில் மாட்டினால் சாரலும் மாலை வெயிலும் திரையின் முகத்திலேயே விழும். அந்த இடத்துக்கு 2000 நிட்ஸ் பெட்டி கட்டாயம். மாப்பிள்ளை வீட்டுப் பெட்டியை மனதில் வைத்து அவர்கள் போட்ட திட்டம் அந்தச் சுவருக்குச் சரிதான்.

வடக்குச் சுவர் தெற்குப் பார்த்தது. வைகாசி, ஆனியில் சூரியன் வடமேற்கே மறைவதால் திரைக்கு வெயிலே கிடையாது. ஐப்பசி முதல் தைவரை தென்மேற்கிலிருந்து மாலையில் சாய்வாக உரசும். கதிர் நுழையும் பாதையைத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்ததில், வடமேற்கு மூலையில் மேற்கு விளிம்பை ஆறடி நீளத்துக்கு மறைத்தால் போதும் என்று தெரிந்தது. அங்கே இறக்கி ஏற்றும் மூங்கில் தட்டி ஒன்று கட்டச் சொன்னேன். அதே தட்டி ஆடிக் காற்றுக்கும் தடுப்பாகிறது.

இனி நிட்ஸ் கணக்கு. வீட்டுக்குள் வைக்கும் சாதாரண டிவிகள் பெரும்பாலும் 250 முதல் 400 நிட்ஸ்வரை வெளிச்சம் தருபவை. வெளிப்புற டிவி செய்பவர்கள் முழு நிழல், பாதி வெயில், முழு வெயில் என்று மூன்று வகையாகப் பிரித்து, ஏறக்குறைய 500, 1000, 2000 நிட்ஸ் என்று கொடுக்கிறார்கள். கடைக்காரர் இந்த எண்ணோடு நிறுத்திவிடுவார். ஆனால் பகலில் படம் தெரிவதும் தெரியாததும் திரையின் எதிரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. திரையின் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். நல்ல வெயிலில் நிற்கும் தோப்பின் பசுமை சுமார் 5000 நிட்ஸ் பிரகாசம் உடையது. அதில் 4 சதவீதம் என்றால் 200 நிட்ஸ். அதாவது கருப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் 200 நிட்ஸ் சாம்பலாகத் தெரியும். 350 நிட்ஸ் டிவியில் இருட்டுக் காட்சிகள் ஒன்றுமே புரியாது. எதிரில் வெயில் படும் சுண்ணாம்புச் சுவர் இருந்தால் இன்னும் நாலைந்து மடங்கு மோசம். இந்த வீட்டில் வடக்குச் சுவருக்கு நேர் எதிரே இருப்பது வேப்பமர நிழலும் கட்டுத்தரையின் இருட்டும். தாழ்வாரத்திலேயே இதைவிட நல்ல பின்னணி கிடையாது. பளபளப்பு இல்லாத மேட் பூச்சுத் திரையும் சேர்ந்தால் 1000 நிட்ஸ் தாராளம்.

உங்கள் வீட்டில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. நினைத்திருக்கும் இடத்தில் ஒரு சாதாரண முகக்கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள். கண்ணாடியில் எது கண்ணைக் கூசுகிறதோ அதுதான் டிவியிலும் கூசும்.

சூடு

என் பார்வையில் கொங்கு நாட்டில் வெளிப்புற டிவிக்கு முதல் எதிரி சூடு. மழையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சூட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

சாதாரண டிவிகளின் கையேட்டைப் பிரித்தால், இயங்கும் வெப்பநிலை 40 டிகிரிவரை என்று போட்டிருக்கும். சித்திரையில் கரூரிலும் ஈரோட்டிலும் நிழல் வெப்பமே 40ஐத் தொட்டுவிடும். உடுமலைப் பக்கம் அதைவிடக் கொஞ்சம் தேவலை. ஆனால் தகட்டுக் கூரைக்குக் கீழே நிலவரம் வேறு. சித்திரை மதியம் இந்தக் கூரையின் அடிப்பக்கம் அறுபதைத் தாண்டியிருந்தது. ஆறடி உயரத்தில் காற்று 42. கூரை மேலிருந்து சூட்டை வீசிக்கொண்டே இருப்பதால் டிவியின் மேல்விளிம்பு அதையும் தாண்டிச் சுடும். வெளிச்சம் கூடிய டிவி மின்சாரத்தையும் கூடுதலாக இழுக்கும், அதுவும் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். டிவிக்குள் இருக்கும் மின்தேக்கிகளுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். எல்சிடி திரையின் திரவப் படிகமோ ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் தன் அடுக்கை இழந்து கருத்துப்போகும். நேர்வெயிலில் வைத்த திரையில் கரும்பட்டை விழுவது அதனால்தான். குளிர்ந்ததும் மறையும், திரும்பத் திரும்ப நடந்தால் கறையாகத் தங்கிவிடும்.

அதனால் இங்கே நான் முதலில் பார்த்த எண் நிட்ஸும் இல்லை, தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபியும் இல்லை. 50 டிகிரிவரை இயங்கும் என்று எழுதியிருக்கிறதா என்பதுதான். வெளிப்புற டிவி என்ற பெயரிலேயே 40 டிகிரியோடு நிற்கும் மாடல்களும் உண்டு, முக்கியமாக முழு நிழல் வகையில். குளிர்நாட்டை மனதில் வைத்துச் செய்தவை அவை. உறைபனியைத் தாங்கும் எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நமக்கு அது எதற்கும் ஆகாது.

டிவியை வாங்கும் முன்பே கூரையைச் சரிசெய்தோம். ஷீட்டுக்குக் கீழே அலுமினிய முகப்புள்ள வெப்பத்தடுப்பு நுரை விரிப்பு, அதன்கீழ் காற்றோட இடைவெளி விட்டு ஒரு பொய்க்கூரை, சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு. அடுத்த வெயிலில் அதே உயரத்தில் காற்று வெளிநிழலை விட ஒரு டிகிரிதான் கூடுதலாக இருந்தது. பெரியவருக்கு இது டிவியைவிடப் பெரிய லாபம்.

தூசி, பல்லி, கோழிப்பண்ணை

ஐபி எண்ணை இப்போது பார்க்கலாம். ஐபி 55 என்பதில் முதல் 5 தூசிக்கு, இரண்டாம் 5 தண்ணீருக்கு. தூசிச் சோதனை டால்கம் தூள் பறக்கும் பெட்டிக்குள் வைத்துச் செய்யப்படுகிறது. 5 என்றால் கொஞ்சம் நுழையலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்கக் கூடாது. 6 என்றால் நுழையவே கூடாது. தண்ணீரில் 4 என்றால் எல்லாப் பக்கத்துத் தெறிப்பும் தாங்கும். 5 என்றால் 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சினாலும் தாங்கும். வாசலை ஹோஸ் பிடித்துக் கழுவும் நம் வீடுகளுக்கு இரண்டாவது எண் 5 இருந்தால் நிம்மதி.

இந்த வீட்டில் வடக்குச் சுவரை மழை தொடவே போவதில்லையே, அப்படியானால் ஐபி 55 எதற்கு? விலை மலிவான வணிகக் காட்சித்திரை ஒன்றை மாட்டலாமே? கடைகளிலும் ரயில் நிலையங்களிலும் நாள் முழுக்க ஓடும் சைனேஜ் திரைகளில் 700 நிட்ஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது, மேட் பூச்சும் உண்டு. வீட்டுக்காரர் இதைக் கேட்டபோது நானும் அந்தப் பக்கமே சாய்ந்திருந்தேன். முடிவை மாற்றியது மழை இல்லை, அக்கம்பக்கம்.

தோப்புக்கு அந்தப் புறம் தென்னைநார் உலர்த்தும் களம் இருக்கிறது. காற்று மாதங்களில் நார்த்தூசி மெல்லிய இழையாகப் பறந்து வந்து எதிலும் ஒட்டும். மின்விசிறி உள்ள எந்தக் கருவியும் அதை உள்ளிழுத்து, வடிகட்டியில் கம்பளம் மாதிரி அடைத்துக்கொள்ளும். மேற்கே ஒரு கோழிப்பண்ணை. காற்றோடு அம்மோனியா வரும். ஈரப்பதத்தோடு சேர்ந்தால் அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். சர்க்யூட் போர்டில் பூச்சு இல்லாவிட்டால் இணைப்புகள் பச்சை பூத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல் பல்லி. இரவில் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும், மார்கழிக் குளிரில் டிவியின் கதகதப்பு பிடித்துப்போய் காற்றுத் துளை வழியாக உள்ளே குடியேறும். பவர் போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பல்லி சிக்கினால் அந்தப் போர்டு அன்றோடு முடிந்தது. கிராமத்து எலக்ட்ரீஷியன்களிடம் கேளுங்கள், இன்வெர்ட்டரிலும் மோட்டார் ஸ்டார்ட்டரிலும் பார்த்த கதைகள் நிறையச் சொல்வார்கள். சைனேஜ் திரையின் முதுகு முழுக்கக் காற்றுத் துளைகள். அடைத்த முதுகுள்ள பெட்டி வேண்டும் என்று முடிவானது இதனால்தான்.

சாதாரண டிவியை வாங்கி, மேலே கண்ணாடிக் கதவுள்ள கூடு ஒன்று போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நம் வெயிலுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. கூட்டை இறுக்கி மூடினால் 100 வாட்டுக்கு மேல் கக்கும் ஒரு பெட்டி தன் சூட்டிலேயே வேகும். விசிறி வைத்துத் திறந்துவிட்டால் நார்த்தூசி உள்ளே. பிளாஸ்டிக் தாளால் போர்த்துவதும் தவறு. மார்கழி விடியலில் உள்ளே ஈரம் கோத்து நிற்கும். சாதாரண டிவியின் உத்தரவாத நிபந்தனைகளில் வெளிப்புறப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் வாங்குமுன் வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவது பற்றி

மாப்பிள்ளை வரும்போது ஒன்றைக் கொண்டுவந்துவிடுவார் என்ற எண்ணம் கடைசிவரை வீட்டில் இருந்தது. வெளிப்புற டிவிக்குப் பெரிய சந்தை வட அமெரிக்காதான். சன்பிரைட் மாதிரி அதை மட்டுமே செய்யும் கம்பெனிகள் அங்கே உண்டு. சாம்சங் தன் 'தி டெரஸ்' வரிசையை ஐபி 55 தரத்தோடு 2020ல் அங்கேதான் முதலில் இறக்கியது. ஆனால் விமானப் பயணிக்குக் கிடைக்கும் தீர்வையில்லாச் சலுகையிலிருந்து தட்டைத்திரை டிவி 2013 ஆகஸ்ட்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. சுங்கம் கட்டியே ஆக வேண்டும். அங்கே விற்கும் பல பெட்டிகள் 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. முதுகுத் தகட்டில் 100–240 என்று இருந்தால் தவிர இங்கே செருகக் கூடாது. பழுதானால் உத்தரவாதம் இங்கே செல்லாது, திரை மாற்றப் பாகம் கிடைக்காது. இத்தனை பெரிய கண்ணாடியைச் சரக்கில் போட்டு அனுப்பும் ஆபத்து தனி.

நம் கடைகளில் வெளிப்புற டிவி அடுக்கி வைக்கப்படாததற்கு ஒரு காரணம் சந்தை சிறியது என்பது. இன்னொன்று, வண்ணத் தொலைக்காட்சி இறக்குமதியை 2020 ஜூலை இறுதியில் மத்திய அரசு கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதனால் பெரும்பாலும் ஓட்டல், ரிசார்ட் வேலை எடுக்கும் நிறுவனங்கள் வழியாகத்தான் ஆர்டர் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஆறுதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆர்டர் கொடுக்கும்போது பில்லோடு இந்திய உத்தரவாதம், கோவையில் வந்து பார்க்கும் சர்வீஸ், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று நின்றோம். எழுதித் தர மறுத்த இடத்தில் விலை குறைவு, அங்கே வாங்கவில்லை.

முடிவான பெட்டி: 65 அங்குலம், ஐபி 55, 1000 நிட்ஸ், மேட் திரை, 50 டிகிரிவரை இயங்குவது, மின்விசிறி இல்லாமல் முதுகு உலோகமே சூட்டைக் கடத்தும் அமைப்பு. அங்குலக் கணக்கு எளிது. கட்டிலிலிருந்து சுவர் 11 அடி, அதாவது 132 அங்குலம். அதில் பாதி 66.

மின்சாரமும் மாட்டுவதும்

தோட்டத்து வீட்டில் டிவி கெடுவது வெளியே இருப்பதால் மட்டும் அல்ல, லைனாலும்தான். மும்முனை இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், ஒருமுனைச் சாதனங்களின்மேல் 400 வோல்ட்வரை ஏறிவிடும். காற்று மாதத்தில் மட்டை விழுந்து கம்பி அறுவது இங்கே புதிதல்ல. ஸ்டெபிலைசர் இதைத் தாங்காது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பையே துண்டிக்கும் ரிலே ஒன்றை இந்த லைனுக்குத் தனியாகப் போட்டோம். அதோடு இடி மின்னலுக்கு சர்ஜ் தடுப்பான், ஆள் பாதுகாப்புக்கு, மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி. ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடத்தில் இந்த ஆர்சிசிபி இல்லாமல் எதையும் செருகக் கூடாது. எர்த் குழியைத் தோண்டிப் பார்த்ததில் பட்டை அரித்துப் போயிருந்தது, புதிதாகப் போட்டாயிற்று. பலர் மறப்பது டிடிஹெச் கேபிள். கூரைமேல் நிற்கும் கிண்ணத்திலிருந்து அது நேராக டிவிக்கு வருகிறது. மின்னலுக்கும் அதே வழிதான். கிண்ணத்தின் கம்பத்தையும் கேபிள் உறையையும் எர்த்தோடு சேர்த்தோம். செட்டாப் பாக்ஸ் உள்ளே, தேங்காய் அறையில். சுவரில் ஒரு துளை, கீழ்நோக்கிச் சாய்வாக, பல்லி நுழையாதபடி ஒயரைச் சுற்றி இறுக்கி மூடும் கிளாண்ட் போட்டு.

கேபிள் கிளாண்டைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. டிவியின் இணைப்புகள் எல்லாம் முதுகில் ஒரு மூடிக்குள் இருக்கும். அந்த மூடியின் ரப்பர் ஒழுங்காக உட்கார்ந்தால்தான் ஐபி 55. கூடுதலாக ஒரு ஒயரை இடுக்கில் திணித்து, மூடி ஒரு நூல் விலகி நின்றாலும் கொடுத்த காசு வீண்.

வடக்குச் சுவர் ஹாலோ பிளாக். நம் ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். வெறும் ஆங்கர் போல்ட்டை அதில் நம்பக் கூடாது, உள்ளே வெற்றிடம். சுவரை முழுக்கத் துளைத்து, அந்தப் பக்கம் இரும்புத் தகடு வைத்து, துருப்பிடிக்காத 304 ஸ்டீல் போல்ட்டால் முறுக்கினோம். இழுத்துத் திருப்பும் கை உள்ள மவுன்ட் வேண்டும் என்று பையன் ஆசைப்பட்டான். 65 அங்குலத் திரையின் பரப்பு 1.2 சதுர மீட்டர். சுவரைவிட்டு வெளியே இழுத்து வைத்தால் காற்றுக்கு அது பாய்மரம். சுவரோடு ஒட்டிய நிலையான மவுன்ட்டே போட்டோம், முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் காற்றிடைவெளி விட்டு.

ஒலியும் கவனிக்க வேண்டியதாக இருந்தது. டிவியின் சொந்த ஸ்பீக்கர் திறந்தவெளியில் எடுபடாது. தென்னை ஓலைச் சத்தம் ஆடியில் பேச்சையே விழுங்கும். ஒலியைக் கூட்டுவதற்குப் பதில், வெளிப்புறத்துக்கான சின்ன ஸ்பீக்கர் இரண்டைக் கட்டிலுக்குப் பக்கத்துத் தூண்களில் தாழ்வாக வைத்தோம். பெரியவரின் காதுக்கு அதுவே போதுமானது.

பிறகு கண்டவை

ஒரு ஆடிக்காற்றும் ஒரு ஐப்பசி மழையும் ஒரு சித்திரையும் கழிந்த பிறகு போய்ப் பார்த்தேன். திரையில் ஈரம் பட்ட அடையாளம் இல்லை. மேட் பூச்சில் நார்த்தூசி படிந்திருந்தது. வாரம் ஒருமுறை, டிவியை அணைத்து ஆறவிட்டு, ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் மேலிருந்து கீழாக ஒரே போக்கில் துடைக்கிறார்கள். முதுகு இடைவெளியில் மண்குளவி கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கூட்டைக் கீறி எடுத்துவிட்டு, இடைவெளியின் ஓரங்களுக்கு ஸ்டீல் வலை கொடுத்தோம். காற்றுப் போக்குக் குறையாத பெரிய கண் வலை.

மாலை ஐந்து மணிக்கு மேல் ரிமோட் வேலை செய்வதில்லை என்று ஒரு குறை சொன்னார்கள். அகச்சிவப்பு ரிமோட்டின் சமிக்ஞையைச் சாயங்கால வெயிலில் இருக்கும் அகச்சிவப்பே அமுக்கிவிடும். தட்டியை ஏற்றிவைத்த நாட்களில்தான் இது நடந்தது. புளூடூத் ரிமோட்டுக்கு மாற்றியதும் சரியாயிற்று. கடும் வெயிலில் மதியம் இரண்டு மணிக்குத் திரை தானாகவே கொஞ்சம் மங்குகிறது. அது பழுது அல்ல, சூட்டைக் குறைத்துக்கொள்ள அது செய்யும் ஏற்பாடு.

கரூர்ப் பக்கம் இருக்கும் வீட்டுக்காரரின் மச்சான் இதைப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கும் இதே மாடல் வேண்டும் என்றார். அங்கே போய்ப் பார்த்தேன். சிட்-அவுட் மேற்குப் பார்த்தது, எதிரே வெயிலில் நிற்கும் வெள்ளைச் சுற்றுச்சுவர், காங்கிரீட் கூரை, பக்கத்தில் நார்க்களமோ பண்ணையோ இல்லை, டிவி பார்ப்பதும் இரவு ஏழுக்கு மேல்தான். அவருக்கு வெளிப்புற டிவி வேண்டியதில்லை. உள்கூடத்து ஜன்னலை அகலமாக்கி, உள்ளே இருக்கும் சாதாரண டிவியையே வெளிப்பக்கம் திருப்பிக்கொள்ளும் மவுன்ட் போட்டு, பகலில் ஷட்டரை மூடிவிடச் சொன்னேன். மிச்சமான பணத்தில் மேற்கு வெயிலுக்கு எதிராக வேலி ஓரம் நாலு வேப்பங்கன்று நட்டிருக்கிறார்.